அக்கா கல்யாண கேசட்டும் அரைக் கிலோ மக்ரூனும்

உள்ளே வருவது எது, வெளியே போவது எது என்று புரியாமலேயே ஒருவன் தூத்துக்குடி துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்துவிட முடியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அந்த ஒருவன் நான்தான். சரக்கு அனுப்புகிறவர்களுக்கும் சுங்க அலுவலகத்துக்கும் நடுவில் காகிதம் சுமக்கும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. ஏற்றுமதிக்கு ஒரு ஃபாரம், இறக்குமதிக்கு ஒரு ஃபாரம். தலைப்பைப் பார்த்து முத்திரை வாங்கினால் போதும், மூளைக்கு அதில் ஒரு சோலியும் கிடையாது. இது தெரியாமல் குடும்பத்தில் எல்லாரும் என்னை விவரமானவன் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். (நானும் நம்பினேன், அதுதான் வினை.)

மஸ்கட்டிலிருந்து பிலோமினா அக்கா போன் போட்டாள்.

“ஏலே ஜெரோம், எங்க கல்யாணம் முடிஞ்சி முப்பது வருசம் ஆவப் போவுது. ஊருக்கு வந்து கோயில் மண்டபத்துல ஒரு விருந்து வைக்கலாம்னு அத்தான் சொல்லுதாரு. எங்க கல்யாண கேசட் உன்கிட்டதான இருக்கு?”

“அப்பா அலமாரில பத்திரமா இருக்குக்கா.”

“அத கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுலே. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அதுல அப்பா நடந்து வருவாரு, மைக்குல என்னமோ பேசுவாரு. நான் ஒரே ஒரு தடவதான் பாத்தேன். இப்ப அவரு குரலே மறந்து போச்சுல.”

எங்கள் அப்பா கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோகும் தோணியில் தண்டல். தோணியை நடத்திப் போகிறவருக்கு அதுதான் பெயர். வீட்டில் இருந்த நாளைவிடக் கடலில் இருந்த நாள்தான் அதிகம். அக்கா கல்யாணமாகி மஸ்கட் போன மறுவருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். அவள் வந்து முகம் பார்க்கக்கூட முடியவில்லை. அவர் ஆடி அசைந்து பேசுவது உலகத்திலேயே அந்த ஒரு கேசட்டில்தான் இருந்தது.

“ஸ்டுடியோல குடுத்தாலும் சரிதான்” என்றாள் அக்கா.

“ஸ்டுடியோவா? நான் எதுக்குக்கா இருக்கேன்?” என்றேன். இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

கேசட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்குக் கடத்த ஒரு பெட்டி வேண்டும். இணையத்தில் தேடினேன். தீப்பெட்டி அளவில் இருநூறு பெட்டிகள், எல்லாவற்றுக்கும் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று ஓட்டைகள். வாங்கியவர்களின் கருத்தைப் படித்தேன். ஒருவர் “அருமை! இன்னும் பிரிக்கவில்லை” என்று ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். இன்னொருவர் “நான் கேட்டது இது இல்லை, ஆனாலும் நன்றாக இருக்கிறது” என்று எழுதியிருந்தார். ஒரு வாரம் படித்ததில், படிப்பதற்கு முன்னால் தெரிந்திருந்ததும் மறந்துபோனது.

கடைசியில் பஜாரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.

“மூணுக்கும் என்ன அண்ணாச்சி வித்தியாசம்?”

“எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி. ஆனா வேற வேற.”

இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்கு அதுவரை கிடைக்காததால், நடுவில் இருந்ததை எடுத்துக்கொண்டு வந்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு நண்பரிடம் பழைய டெக் இருந்தது (வி.சி.ஆருக்கு எங்கள் காலத்துப் பெயர்). அதை இரவல் வாங்கி, டிவியோடும் லேப்டாப்போடும் ஒயர் பின்னி, சாமி கும்பிட்டு சுவிட்சைப் போட்டேன். டிவியில் என் ஆபீஸ் லெட்டர் ஒன்று பளிச்சென்று தெரிந்தது.

என் மனைவி ரீத்தா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அட்டையைத் திருப்பி ஒரு நிமிஷம் படித்தாள்.

“ஏங்க, இது கம்ப்யூட்டர்ல இருக்கத டிவிக்கு அனுப்புத பெட்டி. நமக்கு டிவில உள்ளது கம்ப்யூட்டருக்கு வரணும். இம்போர்ட் கேட்டா எக்ஸ்போர்ட்ட வாங்கிட்டு வந்திருக்கீய.”

இருபத்தாறு வருஷ சர்வீஸ்! பெட்டியை எடுத்துக்கொண்டு போய் மாற்றி வந்தேன்.

இரண்டாவது பெட்டியில் படம் வந்தது. ஆனால் கறுப்பு வெள்ளையில் வந்தது, மேலிருந்து கீழே உருண்டுகொண்டே வந்தது. சோதனைக்குப் போட்டது ரீத்தாவின் தம்பி சின்ன வயதில் கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை கேசட். அது கலர் கேசட் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் என்ன, நான் அக்காவுக்குப் போன் போட்டு, “யக்கா, அந்தக் காலத்துக் கேசட்டெல்லாம் கறுப்பு வெள்ளைதான் போல” என்றேன்.

“கிறுக்குப் பயலே, என் பட்டுச் சேலை அரக்கு கலருலே!”

மறுபடி கடை. கடைக்காரர் லேப்டாப்பில் எதையோ ஒரு தட்டுத் தட்டினார். “ஒண்ணுமில்ல அண்ணாச்சி, இது அமெரிக்காக்காரன் டிவி கணக்குல நின்னுது. நம்ம ஊருக்கு எறக்கிட்டேன்.” பிறகு கல்யாண கேசட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு முகம் மாறினார். “கடக்காத்துல பூசணம் ஏறிக் கெடக்கு. ஒரு தடவ ஓடும், மறு தடவைக்கு நான் பொறுப்பில்ல. படம் சரியா வருதான்னு வேற கேசட்டுல பாத்துட்டு, அப்புறம் இதப் போடுங்க. பதிவு ஓடும்போது லேப்டாப்புல படத்தத் தொறந்து வைக்காதிய, தெணறும். டிவில பாத்துக்கிடுங்க.”

சனிக்கிழமை புதுநன்மை கேசட்டில் சோதனை போட்டேன். கலர், சத்தம், எல்லாம் கனகச்சிதம். ஞாயிறு மத்தியானம் ரீத்தா மகளைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். லேப்டாப் சார்ஜர் ஒயர் இடித்ததால் பெட்டியைப் பிடுங்கி அடுத்த ஓட்டையில் செருகினேன். (இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) கல்யாண கேசட்டைப் போட்டேன், பதிவுப் பொத்தானை அழுத்தினேன், திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி மினுங்கியது. லேப்டாப்பை டிவிக்குக் கீழே வைத்துவிட்டு ஓட்டை பனியனோடு எதிரே உட்கார்ந்தேன். கொறிக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடியதில், அக்கா வந்தால் கொடுக்க ரீத்தா ஒளித்து வைத்திருந்த அரைக் கிலோ மக்ரூன் கிடைத்தது. ஒன்றே ஒன்று எடுத்தேன். முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்ந்த அந்தச் சமாச்சாரத்தில் ஒன்றோடு நிறுத்தியவன் எவனும் எங்கள் ஊரில் இல்லை.

மூன்று மணி நேரம் கேசட் அருமையாக ஓடியது. அப்பா வந்தார், பேசினார். பார்த்தேன். முடிந்ததும் ரீவைண்ட் போட்டேன். கடைக்காரர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. டெக் கரகரவென்று நாடாவை மென்று, பாதியைத் துப்பி, பாதியை விழுங்கியது. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதுதான் ஏற்றியாச்சே! மொட்டை மாடியில் ரீத்தா நெத்திலி காயப்போட்டிருந்தாள், காக்காய்த் தொல்லை. குடல் மாதிரி கிடந்த நாடாவை உருவி நானே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். வெயிலில் பளபளவென்று ஆடியது. ஒரு காக்காய் கிட்டே வரவில்லை.

மக்ரூன் காணாமல் போனதற்கு ரீத்தாவின் தம்பி ஸ்டீபனைக் கைகாட்டினேன். அவன் அன்றைக்குக் காலையில் வீட்டுக்கு வந்து போயிருந்தது வசதியாகப் போயிற்று.

“எல்லாம் சரி, பதிவானத தொறந்து பாத்தீங்களா?” என்று ரீத்தா கேட்டாள்.

போனில் போட்டுப் பார்த்திருந்தேன். படம் வரவில்லை, சத்தம் மட்டும் வந்தது. ஃபைல் பெரிது, போனுக்குத் திராணி இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். “ஏளா, கன்டெய்னர எவனாவது தொறந்து பாத்தா கப்பல்ல ஏத்துதான்? சீல் உடையாம இருந்தா உள்ள சரக்கு இருக்குன்னு அர்த்தம்” என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை அப்போது மரியாதை என்று நினைத்தேன்.

விருந்து நாள். மண்டபத்தில் இருநூறு பேர். அக்கா அதே அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மைக்செட்காரர் என் பென்டிரைவைச் செருகினார். கோயில் மணிச் சத்தமும் பேண்டு வாத்தியமும் கணீரென்று கிளம்பின. அக்கா கைக்குட்டையை எடுத்துத் தயாரானாள்.

திரையில், பன்னிரண்டடி உயரத்தில், ஓட்டை பனியனோடு நான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மண்டபத்தில் யாரோ என்னைக் கேமராவில் பிடித்து நேரடியாகக் காட்டுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் சட்டை போட்டிருக்கிறேனே? சந்தேகத்துக்கு வலது கையைத் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். திரையில் இருந்தவன் ஆட்டவில்லை. அவன் ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டான்.

“அண்ணாச்சி, இது இப்பிடித்தான் இருக்குமா?” என்று மைக்செட்காரர் கேட்டார்.

“கொஞ்ச நேரத்துல மாறும்” என்றேன். நானும் மாறும் என்றுதான் நம்பினேன்.

பிள்ளைகள் வரிசையில் ஒரே கைதட்டல். “மாமா ரியாக்‌ஷன் வீடியோ போட்டிருக்காங்க டோய்!” என்று ஒரு சத்தம். பெரியவர்களுக்கு அதுவும் புரியவில்லை. “பிலோமினா கல்யாணத்துல இவன் ஏன் பனியனோட உக்காந்திருக்கான்?” என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

நடந்தது இதுதான். பெட்டியைப் பிடுங்கி வேறு ஓட்டையில் செருகினேன் அல்லவா? சத்தத்தைப் பெட்டியிலிருந்தே எடுத்த அந்தப் புரோகிராம், படத்துக்குப் பெட்டியைக் காணாமல் லேப்டாப்பின் நெற்றியில் இருக்கும் கேமராவைப் பிடித்துக்கொண்டது. அதாவது சத்தம் கல்யாணத்தினுடையது, படம் கல்யாணத்தைப் பார்க்கிறவனுடையது.

அத்தானின் அண்ணன் கஸ்பார் அண்ணாச்சி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கல்யாணத்தில் வாழ்த்திப் பேசிய குரல் ஒலிபெருக்கியில் வந்தது. மண்டபத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையில் நான் கொட்டாவி விட்டேன். அவர் இல்லறத்தின் இரண்டாவது தூணுக்கு வந்தபோது என் தலை சாய்ந்தது. மூன்றாவது தூணில் வாய் பிளந்து தூங்கினேன். பேச்சு முடிந்த கைதட்டலுக்குத் திடுக்கிட்டு விழித்து, அடுத்த மக்ரூனை எடுத்தேன். கஸ்பார் அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில்கூட யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

பின்வரிசையில் ஸ்டீபன் எழுந்து நின்றான். “அத்தான், அது நான் தின்ன மக்ரூன்தான?”

மண்டபமே வெடித்துச் சிரித்தது. நான் மைக்செட்டை நோக்கி ஓடினேன். அக்கா வழியில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

“கேசட் எங்கலே?”

“மொட்ட மாடில.”

“மாடில என்ன செய்யுது?”

“காக்கா வெரட்டுதுக்கா.”

அவள் கையை விட்டாள். அதற்கு நாலு அறை அறைந்திருக்கலாம். முப்பது வருஷம் காத்திருந்தவளுடைய அப்பாவை நெத்திலிக்குக் காவல் போட்டிருந்தேன். சுவிட்சை அணைக்கப் போனேன். அப்போது ஒலிபெருக்கியில் செருமல் கேட்டது. மைக்கைப் பிடித்துப் பழக்கமில்லாத, காற்றை மீறிக் கத்திப் பழகிய குரல்.

“என்னத்தப் பேச... மாப்ள, எம்புள்ளைக்குக் கடல் ஆகாது, வாந்தி எடுப்பா. தோணி கீணில ஏத்திராதிய.” ஒரு சிரிப்பு. பிறகு யாரையோ பார்த்து ஒரு அதட்டல். “ஏலே ஜெரோம்! தின்னுக்கிட்டே இருக்க? எந்திரிலே! அக்கா அங்கன அழுதுக்கிட்டு இருக்கா, போய்ப் பாரு!”

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்த பத்தொன்பது வயது ஜெரோமுக்குச் சொன்னது அது. திரையில் இருந்த நாற்பத்தொன்பது வயது ஜெரோம் கையில் பாதி மக்ரூனோடு திடுக்கிட்டான். அதைச் சட்டென்று பொட்டலத்தில் திருப்பி வைத்தான். எழுந்து, கையைப் பனியனில் துடைத்துவிட்டு, நேராக நின்றான். சத்தமில்லாமல் உதடு “சரிப்பா” என்றது. பிறகு அவன் முகம் கோணிக்கொண்டு போனதை இருநூறு பேரும் பார்த்தார்கள்.

நான் அப்படிச் செய்தது எனக்கே தெரியாது.

அக்கா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அப்புறம், “அந்த எடத்த இன்னொரு தடவ போடச் சொல்லுலே” என்றாள். நாலு தடவை போட்டார்கள்.

மாடி நாடாவை அவிழ்த்துக்கொண்டு அதே கடைக்காரரிடம் ஓடினேன். வெயிலில் வெந்துபோயிருந்தது. அவர் தொட்டதும் கையோடு உதிர்ந்தது. அக்கா நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் மஸ்கட்டுக்குக் கிளம்பும்போது, அப்பா பேசும் அந்த வீடியோத் துண்டைப் போனில் ஏற்றித் தரச் சொன்னாள். சமையல் செய்யும்போது போட்டுக் கேட்பாளாம். “குரல் கெடைச்சிட்டு. ஆளு எங்கன்னு தேடுனா நீ எந்திரிச்சு நிக்கிற பாரு, அப்ப அப்பா உனக்கு எதிர்லதான் நிக்காருன்னு இருக்குலே” என்றாள்.

இன்றைக்கும் வீட்டுக்கு எந்தப் பார்சல் வந்தாலும் ரீத்தா அதைக் குலுக்கிப் பார்த்து, “சீல் உடையல. உள்ள உங்க மூஞ்சிதான் இருக்கும்” என்கிறாள். கஸ்பார் அண்ணாச்சி நான் இருக்கும் கூட்டத்தில் மைக்கைத் தொடுவதில்லை. (ஊரே எனக்கு நன்றி சொல்கிறது.)

போன மாசம் அக்கா மகளுக்குக் கல்யாணம். நாலு கேமரா, தலைக்கு மேலே பறக்கும் கேமரா ஒன்று. நான் பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது தடவை பாயசம் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா நேராக வீடியோக்காரரிடம் போனாள்.

“தம்பி, அந்தா இருக்காருல்லா எந்தம்பி, அவருக்குன்னு தனியா ஒரு கேமரா வச்சிருங்க. நாங்க கல்யாணத்த அப்புறமா அவரு மூஞ்சில பாத்துக்கிடுதோம்.”

வீடியோக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஒரு கேமராவை என் பக்கம் திருப்பினார். நான் இலையை விட்டு எழுந்து நின்றேன்.