ஹெரன்ஸ் அணியின் சம்பளமில்லாத மேலாளர்

யாரும் கேட்காமலே நிர்வாகம் செய்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. பேஸ்பால் பருவம் முடிந்து, மைதானத்தைப் பூட்டி, ஏரிப்பக்கமிருந்து குளிர்காற்று அடிக்கத் தொடங்கியதும் இவர்கள் வெளியே வருவார்கள். கோடையில் இவர்களும் மற்றவர்களைப்போல் ஆட்டம் பார்ப்பவர்கள்தான். ஆட்டம் நின்ற பிறகுதான் இவர்களுக்கு வேலை. அணிக்கு யாரை எடுப்பது, யாரை அனுப்புவது, முதலாளி எவ்வளவு செலவழிப்பது என்று நவம்பரிலிருந்து மார்ச் வரை தீர்மானித்தபடியே இருப்பார்கள். தீர்மானத்தை எங்கே அனுப்புவார்கள்? எங்கேயும் இல்லை.

அமெரிக்காவில் எங்கள் பஃபலோ நகரில் இந்த இனத்துக்கு ஜெரி பாவ்லக்கைக் காட்டலாம். வயது ஐம்பத்தெட்டு. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கார் நிறுத்துமிடத்தில் பனி அகற்றித்தரும் ஒரு கம்பெனியில் மேலாளர்; பதினான்கு லாரிகள் அவர் பொறுப்பு. ஆனால் அதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. ஊர் பேஸ்பால் அணியான ஹெரன்ஸை நடத்துவதுதான் அவருடைய தொழில். அணியின் பயிற்சியாளர் பெயர் ஊருக்கே தெரியும். ஜெரிக்கோ டொமினிக்கன் குடியரசில் நன்றாக ஆடும் பையன்களைப் பார்த்துவர அணி அனுப்புகிற ஆளின் உதவியாளர் பெயர் தெரியும், அவர் இதற்கு முன் எந்த அணியில் இருந்தார் என்று தெரியும், அங்கே யாரோடு ஒத்துப்போகவில்லை என்பதும் தெரியும். முதலாளியின் சொந்த விமானம் எங்கே பறக்கிறது என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டே இருப்பார். ஹூஸ்டனில் இறங்கினால் அங்கிருந்து யாரையோ அழைத்துவரப் போகிறார்கள் என்று அர்த்தம். போன வருடம் மூன்று தடவை இப்படி அர்த்தம் ஆயிற்று. மூன்று தடவையும் முதலாளியம்மா பல் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தார். ஜெரி அசரவில்லை.

முதலாளியின் பணத்தை இவ்வளவு தாராளமாகச் செலவழிக்கிறவரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. "பந்து எறியுற நல்ல பிட்சர், இருபது கோடி டாலர் கேக்குறான். குடுத்துட்டுப் போயேன், என்ன கொள்ளையா போயிடும்?" என்பார். கோழி இறக்கைக்குத் தொட்டுக்கொள்ள இன்னொரு கிண்ணம் புளூ சீஸ் கேட்டதற்குத் தனியாகக் காசா என்று பார்க்காரி டோனாவிடம் சண்டை போட்டுக்கொண்டேதான் இதையும் சொல்வார்.

இந்த நவம்பரில் ஹெரன்ஸ் முதலாளி தன் மருமகனை அணியின் பொது மேலாளராக நியமித்தார். அந்த வெள்ளிக்கிழமை டோனாவின் பாரில் ஜெரியைப் பிடிக்க முடியவில்லை.

"மெத்தை வித்தவன்யா அவன். மெத்தை."

"மருமகன்ல. வேற என்ன தகுதி வேணும்?" என்றாள் டோனா.

"நான் சொல்றேன் கேளு. ஒரு வேலைக்கு ஆள் எடுக்கணும்னா ரெண்டே கேள்விதான். கெட்ட வருஷத்துல கூட நின்னவங்களா? வேலையை உள்ள இருந்து பாத்தவங்களா? அவ்வளவுதான். சொந்தக்காரனுக்குப் பதவி குடுக்கிறவனை முதல்ல வீட்டுக்கு அனுப்பணும்."

"அப்படிச் சொல்லுங்க ஜெரி," என்று பக்கத்து நாற்காலியிலிருந்து ரோஷெல் டிப்ஸ் கிளாஸைத் தூக்கினாள். ஜெரியின் கம்பெனியில் பதினொரு வருடமாக லாரி ஓட்டுகிறவள். கிளாஸைத் தூக்கியதற்குக் காரணம் இருந்தது. எந்த லாரி எங்கே போக வேண்டும் என்று ரேடியோவில் சொல்லும் ஆள் ஓய்வு பெற்று ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டார். அந்த நாற்காலிக்கு ரோஷெல் மனுப் போட்டிருந்தாள். ஆளை எடுக்க வேண்டியவர் ஜெரி.

திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டு, பெரிய பனி விழுந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்.

"முதல்ல டயாலிசிஸ் சென்டர். அஞ்சரைக்கே ஆளுங்க வந்துருவாங்க, அவங்களால காத்திருக்க முடியாது. கடைங்கல்லாம் எட்டு மணிக்குத்தானே தொறக்குறாங்க."

சரியான பதில் என்றார் ஜெரி. மனதாரத்தான் சொன்னார்.

அன்று மாலை அவருடைய மனைவி பார்பின் அண்ணன் ஸ்டான் போன் செய்தார். "மச்சான், நம்ம கைல் வீட்ல சும்மாதான் உக்காந்திருக்கான். பார்ப் கிட்டயும் சொல்லிட்டேன். அவ சரின்னுட்டா." ஸ்டானின் மகன் கைலுக்கு இருபத்தாறு வயது. அதுவரை செல்போன் உறை விற்றுக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை ஜெரி ரோஷெலிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னார். "நீ லாரியில இல்லன்னா அந்த இடத்துல நான் யாரைப் போடுவேன், சொல்லு? பையன் புதுசு. புதுப் பார்வை வேணும்ல."

"மெத்தைக்காரரைப் பத்தி டிவியில இதையேதான் சொன்னாங்க."

"அது வேற, ரோஷெல்."



டிசம்பரில் முதல் பெரிய பனி விழுந்தது. விடியற்காலை நான்கு மணிக்குக் கைல் வரைபடத்தை விரித்துப் பார்த்தான். இருப்பதிலேயே பெரிய கார் நிறுத்துமிடம் எது என்று தேடி, அங்கே ஆறு லாரிகளை அனுப்பினான். அது ஹெரன்ஸ் மைதானத்தினுடையது. அதற்கும் கம்பெனிக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. ஏப்ரல் வரை அங்கே ஒரு காக்கைகூட வராது. ஆறு லாரிகளும் சேர்ந்து துடைத்து வைத்தாற்போல் சுத்தம் செய்து கொடுத்தன. செலவழிக்க மாட்டேன் என்கிறார் என்று ஜெரி இருபது வருடம் திட்டிய முதலாளிக்கு இலவசமாக.

டயாலிசிஸ் சென்டருக்கு எதிரே ரோட்டோரமாகப் பதினேழு நோயாளிகள் வண்டிகளுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். இடுப்பளவு பனியைத் தாண்டி உள்ளே போக வழியில்லை. ரோஷெல் ரேடியோவை அணைத்துவிட்டு, சொன்ன இடத்துக்குப் போகாமல் அங்கே திருப்பினாள். வழி பிறந்தபோது மணி ஆறே கால். சென்டர்காரர்கள் ஒப்பந்தத்தை வேறு கம்பெனிக்குக் கொடுத்தார்கள். அந்தக் கம்பெனி ரேடியோ நாற்காலியை ரோஷெலுக்குக் கொடுத்தது.

வெள்ளிக்கிழமை பாரில் ஜெரி விளக்கம் அளித்தார். "ஒரு நாளை வச்சு ஆளை எடை போடக் கூடாது. மூணு குளிர்காலமாவது டைம் குடுக்கணும்."

ரோஷெல் கோட்டை மாட்டிக்கொண்டே பேசினாள். "அன்னிக்கு நீங்க ரெண்டு கேள்வி சொன்னீங்க பாருங்க, எனக்குன்னே சொன்ன மாதிரி இருந்துச்சு ஜெரி. வீட்டுக்குப் போயி எங்கம்மாகிட்ட வேலை கிடைச்சிருச்சுன்னே சொல்லிட்டேன்."

ஜெரிக்கு முகம் சிவந்துபோயிற்று. வெட்கமாக இருந்தது, உண்மையிலேயே இருந்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகும் அந்த வெட்கம் கால் மணி நேரம் இருந்தது. அப்புறம் டிவியில் ஹெரன்ஸ் முதலாளியின் மருமகனைக் காட்டிவிட்டார்கள்.

"பாத்தியா டோனா," என்றார் ஜெரி. "சொந்தக்காரனை வச்சா இதான் கதி."

ஜெரியைப் பார்த்து நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாது, ஆகையால் நான் இந்த இனத்தில் சேர்த்தியில்லை என்றும் சொல்லிக்கொள்ளலாம். கிரிக்கெட்டுக்கு யாரை எடுத்திருக்க வேண்டும், கட்சியில் யாருக்குச் சீட்டுக் கொடுத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் சந்தேகமே இல்லை. போன வருடம் நீங்களே சொல்லி ஒருவரை வேலையில் சேர்த்துவிட்டீர்களே, அவர் உங்களுக்கு என்ன முறை?