கொலீஜியம் அண்ணன் மேஜையை இழந்த வழக்கு

ஓர் உயர் நீதிமன்றத்தில் என்ன தீர்ப்பு வரும் என்று, அதை எழுதப்போகும் நீதிபதிக்கே தெரிவதற்கு முன்னால் தெரிந்துவைத்திருப்பவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் சிங்கப்பூரில், ஃபேரர் பார்க்கில் ஒரு காப்பிக்கடையில், நன்றாகச் சுற்றுகிற ஒரே மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பார். சட்டம் படித்தவரா என்று கேட்காதீர்கள். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்.

இந்தியாவில் யாரை நீதிபதியாகப் போடலாம் என்று மூத்த நீதிபதிகள் கூடிப் பெயர் சொல்வார்களே, அந்தக் குழுவுக்குக் கொலீஜியம் என்று பெயர். அந்த வார்த்தையை ஒரு நாளைக்கு அவர் சொல்கிற அளவுக்கு அந்த நீதிபதிகளே சொல்லியிருக்க மாட்டார்கள். ஆகவே எங்களுக்கு அவர் கொலீஜியம் அண்ணன். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது.

அவருடைய கொள்கை ஒரே வரி. "கேஸைப் படிக்காதே, நாற்காலியைப் படி."

நாற்காலிகளைப் படிக்க அவருக்குக் கோப்பைகள் வேண்டும். ஊர்ப்பக்கத்து உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகளை மேஜையில் அடுக்குவார். ஆளுங்கட்சிப் பக்கம் சாய்கிறவர் என்று அவர் நினைப்பவர் பால் தேநீர். எதிர்ப்பக்கம் என்றால் பால் இல்லாத தே ஓ. யார் எந்தப் பக்கம் என்பதற்கு அவரிடம் இருந்த ஆதாரம், எந்த ஆட்சியில் நியமனம் ஆனார்கள் என்பது மட்டும்தான். காலையில் கைத்தொலைபேசியில் செய்தி பார்த்துவிட்டு அறிவிப்பார்: "போச்சுப்பா. ரெண்டு பால் உள்ள வந்துடுச்சு. இனிமே அந்தக் கோர்ட்டு பால் பக்கம்." ஒரு மேஜை போதாத நாளில் பக்கத்து மேஜையில் கிளை திறப்பார்.

கொலீஜியம் பெயரை அனுப்பியும் அரசாங்கம் அதைக் கிடப்பில் போட்டுவிடுவது உண்டல்லவா? அப்படிப்பட்ட நாளில், அங்கே காப்பி, தேநீர் போட்டு விற்கும் தண்ணிக்கடைக்காரரிடம் போய், "ஒரு தே ஓ. ஆனா இப்போ கொண்டு வராதீங்க. ஆர்டர் மட்டும் நிலுவையில இருக்கட்டும்" என்பார். அந்தச் சீனத்து முதியவர் முதலில் மிரண்டார். போகப்போக அவரே எட்டிப் பார்த்து, "அண்ணே, இன்னிக்கி கவர்மென்ட் ஓகே சொல்லிச்சா?" என்று தமிழில் கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

கோப்பை எடுக்கும் ஆன்ட்டியோடுதான் தினமும் போராட்டம்.

"அங்கிள், ஃபினிஷ் ஆல்ரெடி?"

"நோ, நோ! தொடாதே ஆன்ட்டி! ஹீ நாட் ரிட்டையர் யெட் லா!"

"உங்களுக்கு அந்தக் கோர்ட்டுல கேஸ் ஏதும் இருக்காண்ணே?" என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். ஏற இறங்கப் பார்த்தார். "கிரிக்கெட் பாக்குறவன் வீட்டுல எல்லாம் பேட் இருக்காப்பா?"

ஊர் கோர்ட்டைப் பார்த்துப் பார்த்து எங்கள் மேஜையிலும் ஒரு கோர்ட்டை அவரே அமைத்தார். வாடிக்கைக்காரர் ஐந்து பேர் நீதிபதிகள்: அவர், நான், ஆல்பர்ட், பாலா, மணியம். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், யார் மகள் கல்யாணத்துக்கு யாரை அழைக்காதது குற்றம், எல்லாம் எங்களிடம் வரும். நாங்கள் சொன்னதை அந்தக் காப்பிக்கடையே கேட்கும். இடம் காலியானால் ஆள் போடும் உரிமை மட்டும் நிறுவனர் என்ற முறையில் அண்ணனுக்கு.

அப்படி இருக்கும்போதுதான் ரோஸி அக்கா அண்ணன் மீதே வழக்குப் போட்டார்.

ரோஸி அக்காவின் சோற்றுக்கடை அதே காப்பிக்கடைக்குள், அந்த மேஜைக்கு எதிரில். மீன் குழம்பு பிரமாதம். ஆனால் மதியம் தட்டோடு வருகிறவர்கள் உட்கார இடம் தேடினால், மேஜை நிறைய உயர் நீதிமன்றம். சுற்றிப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விடுவார்கள். கோப்பைக் காசும் தண்ணிக்கடைக்குத்தான் போகிறது, அக்காவுக்கு இல்லை.

"இப்படியே போனா வருஷக் கடைசியில நான் கடையை மூடிட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான்" என்றார் அக்கா. குரலில் சண்டை இல்லை, களைப்புதான் இருந்தது. "பதினொன்றரையிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் மேஜையை விடச் சொல்லுங்க. அதுக்கப்புறம் சுப்ரீம் கோர்ட்டே நடத்தட்டும்."

அண்ணன் கம்பீரமாக எழுந்தார். "நான் எதிர்த்தரப்பு. என் கேஸை நானே விசாரிக்கக் கூடாது. விலகிக்கிறேன்."

நாங்கள் கை தட்டிவிட்டோம்.

"ஆனா என் இடத்துக்கு ஆள் போடுறது என் உரிமை. பூன் லேயிலேர்ந்து என் மச்சான் கோபால் வர்றான்."

கைதட்டல் நின்றது.

"ஏன்ணே, என் கேஸுக்கு உங்க மச்சான் ஜட்ஜா?" என்றார் அக்கா.

"யாரு போட்டாங்கன்னு பாக்காதீங்க மேடம். தீர்ப்பைப் பாருங்க."

வாழ்நாள் முழுக்க அதற்கு நேர் எதிராகப் பேசியவர்! மணியம் சிரித்ததில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். நானும் ஆல்பர்ட்டும் அக்கா பக்கம். ஆல்பர்ட்டும் அக்காவும் ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்கள் என்று அண்ணன் ஆட்சேபம் வேறு பதிவு செய்தார். பாலாவும் மணியமும் அண்ணன் பக்கம். இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது நாற்காலியில் அண்ணனின் மனைவியுடைய கூடப்பிறந்த தம்பி. அக்கா அன்றைக்கே கடைக்கு வேறு இடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

கோபால் வந்தார். ஜூரோங்கில் தொழிற்சாலை மேற்பார்வையாளராக இருந்தவர். அதிகம் பேசமாட்டார். தீர்ப்புக்கு முன் ஒருநாள் மதியம் முழுக்கத் தூணோரம் நின்று பார்த்தார். தட்டை ஏந்திச் சுற்றிச் சுற்றி வந்த அலுவலகப் பெண்கள், நின்றுகொண்டே அள்ளிச் சாப்பிட்ட கட்டட வேலைத் தம்பிகள், ரெண்டு மணிக்கு மிஞ்சிய சோற்றைப் பையில் கொட்டிய அக்கா, எல்லாவற்றையும் பார்த்தார். அண்ணன் வாங்கிக் கொடுத்த தேநீரைத் தொடவில்லை.

மறுநாள் நாங்கள் நால்வரும் எதிர்பார்த்தபடியே சொல்லி முடித்தோம். கோபால் தொண்டையைச் செருமினார்.

"மச்சான், மத்தியானம் மேஜை அந்தம்மாவுக்கு."

காப்பிக்கடையே திரும்பிப் பார்த்தது. தண்ணிக்கடைக்காரர்கூடச் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டார்.

"என்னடா சொல்றே?"

"எங்கக்கா தவறிப் போனதுலேர்ந்து வீட்டுல இருக்க முடியலன்னு இங்க வந்து உக்கார்றீங்க. எனக்குத் தெரியாதா? ஆனா அதுக்காக இன்னொரு அம்மா கடையை மூட முடியுமா மச்சான்?"

எங்கள் யாருக்கும் அது தோன்றியதே இல்லை. அண்ணன் கோர்ட்டைப் பார்க்கத்தான் வருகிறார் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

அண்ணன் பால் தேநீர், தே ஓ எல்லாவற்றையும் ஒரே தட்டில் எடுத்து அடுக்கினார். பாலாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "என்னண்ணே, உங்க ஆளே உங்களைக் கவுத்துட்டாரே!"

"என் ஆளா?" அண்ணன் நிமிர்ந்தார். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. ஆனால் முகத்தில் இருந்த பெருமையை நான் பொய்யாகச் சொல்லவில்லை. "நாற்காலியில உக்காந்த நிமிஷமே அவன் என் ஆளு இல்லப்பா. இப்படி ஒருத்தனைப் போட்ட கொலீஜியம் எங்கயாவது உண்டா, சொல்லு?"

மறுநாள் பதினொன்றரைக்கு யாரும் சொல்லாமலே எழுந்தார். மேஜையைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்தார். வெளியே வெயில் கொளுத்தியது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடைபாதை விளிம்பில் நின்றார்.

கரண்டியும் கையுமாக ரோஸி அக்கா எட்டிப் பார்த்தார்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க? தீர்ப்பு மேஜைக்குத்தானே, உங்களுக்கு இல்லையே. இங்க வாங்க, ஸ்டூல் போட்டிருக்கேன். சாப்பிட்டுட்டுப் பேசிக்கிட்டு இருங்க."

இப்போது மதியத்தில் அந்தக் கடையில் உட்கார இடம் கிடைக்கிறது. குழம்பு ஊற்றும்போது பாத்திரங்களுக்குப் பின்னால் இருந்து குரல் வரும்: "பேரு அனுப்பிட்டாங்க ரோஸி, ஆனா இன்னும் கையெழுத்து ஆகல." அக்கா, "ஐயோ, அப்புறம்?" என்பார். ஒருநாள் அந்தக் குரல் இல்லாமல் உட்கார்ந்து பார்த்தேன். அண்ணனுக்குக் காய்ச்சலாம். மீன் குழம்பு அதே மீன் குழம்புதான், சோறுதான் உள்ளே இறங்கவில்லை.