கிளம்பாத படகு

வாயைத் திறக்காதவரை எந்த மாப்பிள்ளையும் அறிவாளியாகத்தான் தெரிவான். நான் திறந்துவிட்டேன்.

தாராவியில் எனக்குத் தோல் பை தைக்கும் பட்டறை. பாண்டுப்பில் ஜீனத் என்ற பெண்ணை எனக்குப் பேசியிருந்தார்கள். இருவரும் ஒருமுறை பார்த்துப் பேசட்டும் என்றார்கள் பெரியவர்கள். ஹோட்டல் என்றால் சாதாரணமாக இருக்குமே என்று, புதிதாக விட்டிருந்த பேட்டரி படகில் கடல் தாண்டி அக்கரையிலுள்ள மாண்ட்வா போகலாம் என்றேன். (ஏதோ படகைக் கண்டுபிடித்ததே நான் என்பதுபோல.) ஜீனத், அவள் வாப்பா, உம்மா, நான் என்று நால்வரும் ஏறினோம்.

ஏசி அறை. வெயிலுக்காகத் திரைகளை இழுத்துவிட்டிருந்தார்கள். நான் மாப்பிள்ளைக்குரிய அடக்கத்தோடு தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீசல் படகு என்றால் கிளம்பும்போது பல்லெல்லாம் ஆடும். இதில் ஒன்றுமே ஆடவில்லை. வெகுநேரம் ஆடவில்லை.

"பேட்டரி டவுன் மாமா. நான் என்னன்னு கேட்டுட்டு வாரேன்" என்று எழுந்தேன்.

"இல்லங்க, அது வந்து..." என்றாள் ஜீனத். கையமர்த்தினேன். (அவளை நான் கையமர்த்திய கடைசி முறை அதுதான்.)

"பாயீ, போட் கப் சலேகா?" என்று கத்தினேன். (படகு எப்போது கிளம்பும் என்று.) பின்வரிசைக்காரர் ஒருவர் தானும் அதையேதான் நினைத்ததாகச் சொன்னார். அவ்வளவுதான், பாதிப் படகு என் பின்னால் திரண்டுவிட்டது. கிளப்பு, இல்லையென்றால் இறக்கிவிடு என்று இந்தியில் கோஷம். எனக்கு வீரம் தலைக்கேறியது. மாமி மடியிலிருந்த பிரியாணி டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு, "வாங்க மாமி, வேற போட்டுல போவோம்" என்று கதவைத் திறந்தேன்.

வெளியே கடல். நாலு பக்கமும் கடல். பம்பாய் தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது.

வாசலில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த படகுக்காரர் என்னைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். "உதர்னா ஹை க்யா?" என்றார். (இறங்கணுமா என்று, மரியாதையாகத்தான்.)

என் தொண்டர்கள் ஒவ்வொருவராக, என்னை யாரென்றே தெரியாத முகத்தோடு இடத்துக்குப் போனார்கள்.

"ஓடுதுன்னுதான் சொல்ல வந்தேன்" என்றாள் ஜீனத். மாமி டப்பாவை வாங்கி மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு மாண்ட்வா வரை யாரும் பேசவில்லை. இன்ஜின் சத்தமாவது இருந்து தொலைத்திருக்கலாம்.

சம்பந்தம் போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன். கரையில் இறங்கியதும் மாமா என் தோளில் கை போட்டார்.

"எம் மவ சரின்னுட்டா. எனக்கும் சம்மதந்தான். ஓடுற போட்டை நிக்குதுன்னு பாதிப் பேர நம்ப வச்சிட்டீரே, உம்ம கடையில எந்தப் பைதான்வே விக்காம கெடக்கும்?"

கல்யாணம் நடந்தது. இப்போதும் லோக்கல் ரயில் சயான் ஸ்டேஷன் தாண்டி எங்காவது நின்றால் போதும், அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் ஜீனத் என்னைத் தேடிப் பிடித்துக் கேட்கிறாள்: "என்னங்க, ஓடுதா, நிக்குதா?"