‘கூடும்’ என்ற சொல்லுக்குத் தள்ளுபடி கேட்ட படலம்

மானத்தின் விலை ஐந்து ரூபாய். உயிரினும் பெரிதென்று முன்னோர் போற்றிய அதனை அவ்விலைக்குக் கைமாற்றிய வணிகர்குலத் திலகம், பொன்னமராவதிப் பாத்திரக்கடை வேந்தன், எவர்சில்வர் அண்டாக்களின் அதிபதி, சொன்ன விலைக்கு ஒருநாளும் பொருள் வாங்கியறியாத ஆத்மநாதன் வாழ்க, அவன் நா வாழ்க!

மக்கள் இருவரை ஈன்ற இல்லக்கிழத்தி திலகவதி, மூன்றாவதற்கு இடமில்லை, விந்தணுப் படையை வாயிலிலேயே வீழ்த்தும் கருத்தடை ஜெல் வீடு வந்து சேரும்வரை பாய் இரண்டுதான் என்று ஆணையிட்டு அன்றோடு பதினோரு நாள். உள்ளூர் மருந்துக்கடை மூன்று, மூன்றிலும் பங்காளிகள். ஆதலால் உறவினர் ஒருவர் கண்ணிலும் படலாகாதென்று சூளுரைத்து, புதுக்கோட்டையில் ஒருமுறை, அறந்தாங்கியில் ஒருமுறை எனப் பேருந்து மாறி, அலைமுழங்கு கட்டுமாவடியில் மீன்கூடைகளின் அணிவகுப்பைப் பிளந்து, முகக்கவசமே கேடயமாக மருந்துக்கடையை முற்றுகையிட்டான் அம்மாவீரன். மனைவி எழுதித் தந்த சீட்டை நீட்டினான். கடைக்காரி அடைக்கலமேரி வாய் திறவாமல் பொருளைச் செய்தித்தாளில் சுற்றினாள். இருநூறு ரூபாய்த் தாளும் கைமாறியது. திரும்பி நடப்பதொன்றே மிச்சம்.

அந்தோ! செய்தித்தாளின் கிழிசல்வழியே பெட்டியின் எழுத்து அவன் கண்ணில் வேலெனப் பாய்ந்தது: ‘வைரஸ் தொற்றையும் தடுக்கக்கூடும்.’ கூடுமா? மூங்கிற்காட்டில் தீப்பற்றினாற்போல ஏழு தலைமுறையாகப் பேரம் பேசிய குருதி கொதித்தெழ, கவசம் கழன்று தாடையில் தொங்க, கடலோசையை வென்று கிளம்பிற்று குரல்.

“கருவத் தடுக்கும்னு உறுதியாப் போட்டிருக்கு, சரி. வைரசுக்குக் ‘கூடும்’னுதானங்க போட்டிருக்கு? கூடும்ங்கிறதுக்கு எதுக்கு முழு வெல?”

வரிசை முழுதும் செவியாயிற்று. அடைக்கலமேரி அசைந்தாளில்லை.

“கூடும்ங்கிறதுக்கு நாங்க காசே வாங்கலண்ணே. இது கருவுக்கு மட்டும் உள்ள வெல. கிருமிக்கு நிச்சயம் வேணும்னா ஒறைதான்.”

விற்போரில் வில்லொடிந்தவனாய் அவன் நிற்க, பின்னாலிருந்து, வஞ்சிரமீன் பையோடு, சர்க்கரை மாத்திரைக்கு வரிசையில் நின்ற துணைப்படை ஒன்று முன்னேறியது. பெண் கொடுத்த மாமனார் வீரய்யா; அவரும் வியாபாரி.

“ஒரு அஞ்சு ரூவாயாச்சும் கொறைங்க தாயி. மாப்ள மூணு பஸ்ஸு மாறி வந்திருக்காக.”

முரசு அதிர்ந்தது, வானோர் பூமாரி பொழிந்தனர், வணிகக்குலம் தலைநிமிர, வீழ்ந்தது விலை!

சில்லறை இல்லையென்று அடைக்கலமேரி ஐந்து இருமல் மிட்டாய் கொடுத்தாள். அதில் இரண்டை மாமனார் எடுத்துக்கொண்டார்.