புதன்கிழமை முதல் அண்ணைக்குக் கடும் சுகவீனம்

ரெய்னர்ஸ் லேன்,
செவ்வாய்க்கிழமை

பாசத்துக்கும் மதிப்புக்கும் உரிய செபமாலைமுத்து அண்ணைக்கு,

டூட்டிங்கில் நீங்களும் அண்ணியும் மகள் ரஜனியும் நல்ல சுகத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் சுகத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. போன புதன்கிழமையிலிருந்து நீங்கள் கடும் சுகவீனமாக இருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம். போனில் சொன்னால் அண்ணி ஸ்பீக்கரில் போட்டுவிடுவா என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். எங்கள் மகள் மெலனி அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பித்தாள். இடம் கிடைத்தால் கட்டாயம் வருவேன், வேறெங்கும் போகமாட்டேன் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும், தகப்பனும் போட வேண்டும். கிடைக்காது என்ற முழு நம்பிக்கையில் நானும் போட்டேன். கிடைத்துவிட்டது. உதவிப்பணமும் தாராளம், அதனால் காசைச் சாட்டி நழுவவும் வழியில்லை. அந்தக் கிழமையே, வீட்டிலிருந்து ட்யூப் ரயிலில் போய்வரக்கூடிய ஒரு லண்டன் பல்கலைக்கழகமும் இடம் தந்தது. நான் மெல்ல, "பிள்ளை, அமெரிக்காவுக்கு மாட்டம் எண்டு எழுதுவம்" என்றேன்.

"ஏலாது அப்பா. எனக்கு இடம் தந்ததாலை வேறை ஒரு பிள்ளைக்கு இல்லையெண்டு சொல்லியிருப்பினம். ரஜனி அக்கான்ரை கலியாணத்துக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டு, வேறை நல்ல இடம் வந்தவுடனை மாறின மாப்பிள்ளை வீட்டாரோடை நீங்கள் இன்னும் கதைக்கிறேல்லை. இப்ப என்னைச் செய்யச் சொல்லுறது என்ன?" என்றாள். அண்ணை, நான் குப்பைத்தொட்டியை வெளியே வைக்கப் போனேன். அன்று குப்பை எடுக்கும் நாள் அல்ல.

பிறகுதான் அவளுக்குத் தெரியாமல் கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். குடும்பத்தின் மூத்தவர் படுத்த படுக்கை, பிள்ளையை அனுப்ப இயலாது, தயவுசெய்து விடுவியுங்கள் என்று. மூத்தவர் நீங்கள்தானே. அவர்கள் உருக்கமாகப் பதில் எழுதினார்கள். அதைப் பியற்றிஸ் பார்த்துவிட்டு, "அத்தானுக்கு இப்பிடியாமே, என்னட்டை ஏன் சொல்லேல்லை?" என்று அழுதா. கட்டின மனைவியிடம் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணி தாங்கமாட்டா, போன் எடுக்காதே என்று மட்டும் தடுத்துவைத்தேன். அவ ஞாயிறு தமிழ்ப் பூசையில் நோயாளருக்கான மன்றாட்டில் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டா. ஃபாதர் இரண்டு தரம் வாசித்தார். செபக் குழுத் தலைவி மரியமலர் அக்கா வானே பிடித்துவிட்டா. வருகிற ஞாயிறு குழு முழுவதும் சூப்புடன் டூட்டிங் வருகிறது.

ஆகவே அண்ணை, அன்று மட்டும் படுத்திருங்கோ. சவரம் செய்ய வேண்டாம். யாருடனும் கிரிக்கெட் கதைக்க வேண்டாம். நான் செய்தது பிழை என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் ஒரே பிள்ளை. அவள் போனபின் இந்த வீட்டுக்குள் நான் எப்படி இருக்கப்போகிறேன்?

அண்ணிக்கும் ரஜனிக்கும் எங்கள் அன்பு. மாதா உங்களைச் சகல நோய்நொடிகளிலிருந்தும் காத்தருள்வாராக.

உங்கள் தம்பி,
மேர்வின்

பி.கு.: தபாலில் போடுமுன் மெலனி இதை வாசித்துவிட்டாள். என் கண்முன்னாலேயே கல்லூரிக்குப் போன் எடுத்து, பெரியப்பாவுக்கு ஒன்றுமில்லை, அப்பாவுக்குத்தான் மனம் சரியில்லை என்று உள்ளதைச் சொன்னாள். விருப்பமில்லை என்றால் விட்டுவிடுகிறோம் என்று அவர்களே சொன்னார்கள். ஆனால் அவள், கட்டாயம் வருகிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டாள். பியற்றிசுக்கும் எல்லாம் தெரியும், என்னோடு கதைப்பதில்லை. ஆகவே நீங்கள் எழும்பலாம். வான் வராது. ஆனால் ஹீத்ரோவுக்கு அவளை நீங்கள்தான் கொண்டுபோய் விட வேண்டும், அண்ணை. அன்றைக்கு எனக்கு உண்மையாகவே சுகமிருக்காது.