பத்து எண்ணிய டிரைவர்

1968 ஜூன் 10, திங்கட்கிழமை. வீரசோழனிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் புறப்பட்ட காலை பஸ், நிறுத்தமே இல்லாத மூன்று இடங்களில் நின்றது.

மூன்று முறையும் டிரைவர் தாவீதுராஜ் இறங்கி, உடைமரத்துக்குப் பின்னால் போய்விட்டு வந்தார்.

சாயங்காலம் முதலாளி ராஜகுரு கூப்பிட்டனுப்பினார். "இனிமே ஸ்டாப் இல்லாத எடத்துல வண்டி நின்னுச்சு, வேற டிரைவரப் போட்டுருவேன்."

மிஷன் ஆஸ்பத்திரியில் தாவீதுராஜைச் சோதித்தார்கள். சர்க்கரை இல்லை, நோயும் இல்லை. நர்ஸ் ஞானப்பூ ரசம் வைக்கச் சொல்லித் தருவதுபோலச் சொன்னார்:

"பழக்கந்தாண்ணே. வருதுன்னு தோணினதும் ஓடாதீக. ஒன்னுக்குப் போறப்ப பாதியில நிறுத்துற மாதிரி அந்தத் தசைய இறுக்கிப் புடிங்க. பத்து எண்ணி விடுங்க. ஒரு நாளுக்கு முப்பது தடவ. உக்காந்த எடத்துலயே செய்யலாம்."

உட்கார்ந்த இடம் டிரைவர் சீட்டு. மறுநாள் நரிக்குடி தாண்டியதும் இறுக்கினார். தொடையும் சேர்ந்து இறுகியது. கால் ஆக்ஸிலரேட்டரை அமுக்கியது. எட்டு எண்ணுவதற்குள் இரண்டு மாட்டுவண்டிகள் வயலுக்குள் இறங்கின. பத்தில் விட்டதும் பஸ் தொய்ந்தது.

"பஸ்ஸுக்கு விக்கலாண்ணே?" என்றார் கண்டக்டர் கருத்தப்பாண்டி.

மறுபடி ஞானப்பூ. "மூச்ச அடக்கினீகளாக்கும்? அதான் ஒடம்பெல்லாம் முறுக்குது. பாடிக்கிட்டே செய்யுங்க."

தாவீதுராஜுக்குத் தெரிந்தவை தேவாலயப் பாட்டுகள்தான். ஒரு இறுக்கலுக்கு ஒரு அடி. பஸ் சீராக ஓடியது. இரண்டு மாதத்தில் மூன்று உடைமரம் ஒன்றானது. ஆனால், டிரைவர் காலையிலேயே ஊத்திக்கொண்டு பாடுகிறார் என்று யாரோ முதலாளியிடம் சொல்லிவிட்டார்கள்.

ராஜகுருவே ஒருநாள் வீரசோழனில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"ஊதுப்பா."

சுக்குக்காப்பி வாசம்தான் வந்தது. பாட்டு எதற்கென்று கேட்டதும், நர்ஸ் சொல்லித் தந்த பயிற்சியைத் தாவீதுராஜ் சொன்னார்.

"சரி. நடுவுல நிக்காம போறியான்னு பாக்குறேன்."

தாவீதுராஜ் உயிரைக் கொடுத்து இறுக்கினார், பாடினார். நரிக்குடியில் ஆள் ஏறும்வரைதான் நின்றார். திருச்சுழியில் முதலாளி பாதி எழுந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார்.

"வெரசாப் போப்பா!"

பஸ் பறந்தது. கடைசி உடைமரமும் பின்னால் போயிற்று.

அருப்புக்கோட்டைக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். எல்லாரும் இறங்கினார்கள். முதலாளி மட்டும் இறங்கவில்லை. வேகம் கூடிப்போச்சோ, வேலை போச்சோ என்று தாவீதுராஜ் கீழே கைகட்டி நின்றார்.

கருத்தப்பாண்டி இறங்கி வந்து காதோடு சொன்னார்:

"அண்ணே, மொதலாளிக்கு அவசரமா ஒரு வேட்டி வேணுமாம். அந்த நர்சம்மா எத்தன மணி வரைக்கும் இருப்பாகன்னும் கேக்குறாக."

அடுத்த வாரம் முதல் அந்த பஸ் திருச்சுழியில் ஐந்து நிமிடம் நின்று புறப்பட்டது.