நான் விலை வைத்த இஸ்திரி

நான் கொஞ்ச காலம் அரசாங்கமாக இருந்திருக்கிறேன். சேலையூரில், எங்கள் காலனிக்கு மட்டும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சிறுசேரியில் வேலை. காலனி நலச்சங்கக் கூட்டத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்ட நேரத்தில் நான் மட்டும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். பதவி வந்ததும் மக்களுக்கு ஏதாவது நல்லது செய்தே தீருவது என்று கை துறுதுறுத்தது. கண்ணில் பட்டவர் இஸ்திரிக்காரர் கோதண்டம்.

எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் எங்கள் தெருமுனையில் அவர் வண்டி நின்றது. காலையில் அந்தக் கரி வாசனை வந்தால்தான் எங்களுக்கு விடிந்த மாதிரி. பட்டுப்புடவைக்கு ஒரு விலை, அவசரத்துக்கு ஒரு விலை, ரிட்டயர் ஆன வாத்தியாருக்கு விலையே கிடையாது. இந்த அநியாயத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. (யாரும் புகார் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.) எல்லாத் துணிக்கும் ஒரே விலை, அன்றே டெலிவரி என்று போர்டு எழுதி அவர் வண்டியிலேயே மாட்டினேன்.

கோதண்டம் நிதானமாகப் படித்தார். "இன்னா சார் இது? கரி வெலைய யாரு கொறைப்பா, நீயா?"

"அது என் கையில இல்லண்ணா."

"அப்ப என் வெல மட்டும் எப்டி உன் கைல கீது?"

போர்டை நேராக்கிக்கொண்டே, "சங்கத் தீர்மானம்" என்றேன்.

மறுநாள் வண்டி இல்லை. போர்டு மட்டும் மரத்தில் சாய்ந்து நின்றது. காலனியே கசங்கிய சட்டையோடு ஆபீஸ் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடம்பாக்கத்தில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடு. காலையிலிருந்து கரண்ட் இல்லை. சட்டையை மெத்தைக்கு அடியில் வைத்து மேலே படுத்துப் பார்த்தேன். பழைய சுருக்கங்களோடு புதிதாக நாலு சேர்ந்தன. அப்படியே காரில் கிளம்பினோம். மாடம்பாக்கத்தில் ஒரு தெரு திரும்பியதும் அம்மா கத்தினாள்: "டேய், நம்ம கோதண்டம்!"

இறங்கி ஓடினேன். "அண்ணா, ரொம்ப அர்ஜென்ட்."

"சங்கத்து ரேட்டா, என் ரேட்டா?"

"உங்க ரேட்டுதாண்ணா."

"அப்ப கழட்டு."

பட்டப்பகலில், நடுத்தெருவில், ஓட்டை பனியனோடு நின்றேன். எனக்கு முன்னால் புடவைக்காகக் காத்திருந்த பெண்ணிடம் கோதண்டம் என்னைக் காட்டினார். "நான் சொல்லல? போர்டு மாட்னவரு, இவருதாம்மா."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "முதல்ல இவர் சட்டைய தேச்சுக் குடுங்கண்ணா. எங்க வீட்டுக்கு மாப்பிள்ளை வர இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

அந்த மாப்பிள்ளை ஏற்கெனவே வந்துவிட்டார் என்று சொல்லாமல், சட்டையை மாட்டிக்கொண்டு காருக்கு ஓடினேன்.

பத்து நிமிஷம் கழித்து அவர்கள் வீட்டுக் கூடத்தில் காபித் தட்டோடு வந்தவள், என்னைப் பார்த்ததும் தட்டை அப்படியே தன் அப்பா கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள். அவள் சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். சம்மதம்தான், ஆனால் மாப்பிள்ளை சங்கத்திலிருந்து விலக வேண்டும் என்று தகவல் வந்தது. அன்று மாலையே விலகினேன்.

கோதண்டத்திடம் மன்னிப்புக் கேட்டுத் திரும்பக் கூப்பிட்டேன். "இங்க யாரும் போர்டு மாட்டல சார்" என்றார். வரவேயில்லை.

அரசாங்கம் ஒன்றுக்கு விலை வைத்தால் அது எங்கே மறைந்துபோகிறது என்று நிபுணர்கள் மணிக்கணக்கில் விளக்குகிறார்கள். எனக்கு அட்ரஸே தெரியும்.

இப்போதும் நான் வீட்டில், "இனிமே எல்லாரும் ஒரு மணி நேரம்தான் போன் பாக்கணும்" என்று ஆரம்பித்தால் போதும், என் மகள் சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்: "அம்மா, சீக்கிரம் வா! அப்பா சட்டையக் கழட்டப் போறாரு!"